பிரீகால்குலஸ்: வேகம் வேறு, ஆழம் வேறு

வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. டிஜே என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். 1985இல் தொடங்கிய அரசுப் பள்ளி. ஆனால் விண்ணப்பித்துத் தேர்வானால்தான் இடம். விண்ணப்பிக்கும் மாணவர் எட்டாம் வகுப்பிலாவது அல்ஜீப்ரா 1 படித்துக்கொண்டிருக்க வேண்டும். வெளியே வரும்போது கால்குலஸ், அதாவது வகையீடும் தொகையீடும், முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிப்ளமோ கிடையாது.

இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பாடம்தான் பிரீகால்குலஸ். அமெரிக்கப் பள்ளிகளில் கணிதம் வருடத்துக்கு ஒரு பெயரில் வரும்: அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ், அதன்பின் கால்குலஸ். ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 தொடங்கும் பிள்ளைக்கு, பன்னிரண்டாம் வகுப்பில் பிரீகால்குலஸோடு பள்ளி முடிந்துவிடும். எட்டாம் வகுப்பில் தொடங்கினால் கால்குலஸுக்கு ஒரு வருடம் கிடைக்கும். டிஜே கேட்பது இந்த இரண்டாவது கணக்கைத்தான். ஆனால் அங்கே பல பிள்ளைகளின் குறி அதையும் தாண்டியது. பதினொன்றில், முடிந்தால் பத்தில், கால்குலஸை முடித்துவிட்டுப் பன்மாறிக் கால்குலஸ், நேரியல் இயற்கணிதம் என்று போக வேண்டும். அந்தப் பாடங்களும் பள்ளிக்குள்ளேயே உண்டு. அப்படியானால் இடையில் எதையாவது சுருக்கியாக வேண்டும். சுருக்கப்படுவது பெரும்பாலும் அல்ஜீப்ரா 2. அதன் விளைவு வெளியே தெரிவது பிரீகால்குலஸில்.

இந்தப் பாடத்துக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அமெரிக்கப் பன்னிரண்டாம் வகுப்பில் முக்கோணவியல், திண்ம வடிவியல், உயர் இயற்கணிதம் ஆகியவை தனித்தனிச் சிறு பாடங்களாக இருந்தன. கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் (இன்று சுருக்கமாகக் கல்லூரி வாரியம்) 1955இல் அமைத்த கணிதக் குழு 1959இல் ஓர் அறிக்கை தந்தது. சார்புகளை மையமாக வைத்து இவற்றை ஒன்றாக்கிக் கற்பிக்கலாம் என்பது அதன் யோசனைகளில் ஒன்று. கால்குலஸ் முதன்மையாகக் கல்லூரியின் வேலை என்பதே அந்தக் குழுவின் எண்ணம். ஆனால் அதற்குள் கல்லூரி நிலைப் பாடங்களைப் பள்ளியிலேயே படித்து எழுதும் ஏ.பி. தேர்வுகள் வந்துவிட்டன, 1957இல் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்தது, கால்குலஸ் பள்ளிக்குள் நுழைந்தது. 1969இல் ஏ.பி. கால்குலஸ் ஏபி, பிசி என்று இரண்டாகப் பிரிந்தது. அதன்பின் பிரீகால்குலஸ் தனக்கென்று ஓர் இலக்கு இல்லாத பாடமாகிவிட்டது. அடுத்த வருடம் எது வரப்போகிறதோ அதற்கான தயாரிப்பு மட்டுமே அதன் வேலை.

தமிழ்நாட்டில் படித்துவிட்டு நியூ ஜெர்ஸியிலோ வர்ஜீனியாவிலோ குடியேறிய பெற்றோருக்கு இந்தப் பாடத்திட்டத்தைக் காட்டினால் முதலில் வருவது சிரிப்புதான். சார்புகள், பல்லுறுப்புக் கோவைகள், மடக்கை, முக்கோணவியல், கூம்பு வெட்டிகள், வெக்டர், அணிகள், தொடர்கள். "இதெல்லாம் பிளஸ் ஒன்னில் படித்ததுதானே, அதோடு வகையீடும் தொகையீடும் சேர்த்தே படித்தோமே" என்பார்கள். உண்மைதான். தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் இவை அநேகமாக எல்லாமே உண்டு. எல்லையும் வகையீடும் தொகையீடும் கூடவே உண்டு. தலைப்புகளை எண்ணிப் பார்த்தால் அமெரிக்கப் பிள்ளைக்கு வேலை குறைவு. ஆனால் தலைப்பை எண்ணி ஒரு வகுப்பின் கடினத்தை அளக்க முடியாது. நியூயார்க்கின் போட்டிப் பள்ளியான ஸ்டைவசன்ட்டிலும் டிஜேயிலும் நடக்கும் பிரீகால்குலஸின் பொருளடக்கம், பக்கத்து ஊரின் சாதாரணப் பள்ளியில் இருப்பதோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். வித்தியாசம் ஒவ்வொரு தலைப்புக்கும் கிடைக்கும் நாட்களில் இருக்கிறது. தேர்வில் வரும் கேள்வியின் வடிவத்தில் இருக்கிறது. இவை இரண்டு வெவ்வேறு விஷயங்கள். பேச்சில் இரண்டையும் "ரொம்ப கஷ்டமான கிளாஸ்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அதனால் பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்பதே பல வீடுகளில் தெரிவதில்லை.

முதலில் நாட்கள். அமெரிக்கப் பள்ளி ஆண்டு சுமார் 180 நாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீண்ட வகுப்பு என்ற முறை வைத்திருக்கும் பள்ளியில் கணித ஆசிரியர் பிள்ளைகளைப் பார்ப்பது 90 தடவை. அதில் தேர்வு நாட்கள், மாநிலத் தேர்வுகள், பனி விடுமுறை எல்லாம் கழிய வேண்டும். மே மாதம் ஏ.பி. தேர்வுகள் வந்தால் வகுப்பில் பாதி நாற்காலி காலி. சில பள்ளிகளில் பிசி கால்குலஸுக்குப் போகும் பிரிவினருக்கு வசந்த காலத்திலேயே எல்லையும் வகையீடும் தொடங்கிவிடுவார்கள். பிசி தேர்வுக்கு ஏபியின் பாடம் முழுவதும் வேண்டும், அதற்கு மேல் முடிவிலித் தொடர்களும் துருவ வளைவுகளும் வேண்டும், ஒரு வருடத்தில் அது நெருக்கடி. அப்படிப் பார்த்தால் பிரீகால்குலஸுக்கென்று மிஞ்சுவது ஏழு மாதத்துக்கும் குறைவு. அல்ஜீப்ரா 2 மறுபார்வைக்கு முழுப் பருவம் எடுக்கும் பள்ளிகள் உண்டு. இங்கே அதற்கு இரண்டு வாரம் கிடைத்தால் அதிகம். சில இடங்களில் கோடை விடுமுறைக்கு ஒரு வினாத்தாள் கட்டைக் கொடுத்துவிட்டு, பள்ளி திறந்த முதல் வாரமே அதில் தேர்வு வைத்துவிடுவார்கள்.

பழைய கடன் திரும்பக் கேட்கப்படுவது இங்கேதான். பிரீகால்குலஸில் தோற்கும் பிள்ளைகளின் விடைத்தாளைப் பார்த்தால், புதிய கருத்தில் தவறு குறைவாகவே இருக்கும். ஒரு சார்பின் சராசரி மாறுவீதம் என்ன என்று கேட்டால் சூத்திரத்தைச் சரியாக எழுதிவிடுவார்கள். அந்தச் சார்பு ‘ஒன்றின் கீழ் மாறி’ என்ற வடிவில் இருந்தால் பின்னத்துக்குள் பின்னம் வந்து நிற்கும். அதைச் சுருக்கத் தெரியாமல் அங்கேயே நின்றுவிடும் பிள்ளைகள் ஏராளம். வர்க்கமூலத்தை விகிதமுறு ஆக்குவது, அடைப்புக்குறிக்கு முன்னால் உள்ள கழித்தல் குறியை உள்ளே கொண்டுபோவது, பின்ன அடுக்கைப் பொதுக் காரணியாக வெளியே எடுப்பது: எல்லாமே அல்ஜீப்ரா 2 சமாச்சாரம். வேகமாக அந்தப் பாடத்தைத் தாண்டியபோது பிள்ளைக்கு ஏ மதிப்பெண்ணே கிடைத்திருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு திறனும் அந்தந்த வாரத் தேர்வில் தனியாகவே சோதிக்கப்பட்டது. பிரீகால்குலஸில் ஒரே கணக்கில் நான்கு திறன்கள் சேர்ந்து வரும். ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துச் செய்கிற பிள்ளைக்கு மணி அடித்துவிடும்.

இது வேகத்தின் கதை. ஆழத்தின் கதை வேறு. ஓர் எளிய உதாரணம் பார்ப்போம். சைன் மதிப்பை ‘ச’ என்று வைத்துக்கொள்வோம். 2ச² − ச − 1 = 0 என்ற சமன்பாட்டுக்கு 0° முதல் 360°க்குள் தீர்வு காண்க என்பது எந்தப் பள்ளியிலும் வரும் கேள்வி. காரணிப்படுத்தினால் ச = 1 அல்லது ச = −1/2. கோணங்கள் 90°, 210°, 330°. முறை தெரிந்த பிள்ளைக்கு மூன்று நிமிட வேலை.

இதையே இப்படிக் கேட்டால்? 2ச² − ச = க என்ற சமன்பாட்டுக்கு அதே இடைவெளியில் சரியாக மூன்று கோணங்கள் தீர்வாக வருகின்றன என்றால், க எந்தெந்த மதிப்புகளாக இருக்கலாம்? இதற்கு மனப்பாட முறை எதுவும் இல்லை. ஒரு முழுச் சுற்றில் சைன் ஒவ்வொரு மதிப்பையும் இரண்டு தடவை தொடுகிறது, 1ஐயும் −1ஐயும் மட்டும் ஒரே தடவை தொடுகிறது என்பது கண்ணில் பட வேண்டும். தீர்வுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வேண்டுமானால் ச = 1 அல்லது ச = −1 அதில் இருந்தாக வேண்டும். ச = −1 என்றால் க = 3; மற்ற மூலம் 3/2, சைன் அவ்வளவு தூரம் போகாது, ஆகவே ஒரே ஒரு தீர்வுதான். ச = 1 என்றால் க = 1; மற்ற மூலம் −1/2 இரண்டு கோணங்களைத் தரும், மொத்தம் மூன்று. ஆக க = 1 மட்டும்தான் விடை. சுற்றி வந்து பார்த்தால் அது முதலில் பார்த்த அதே சமன்பாடு. தேவையான கணித அறிவும் அதேதான், ஒரு துளி கூட அதிகமில்லை. ஆனால் முதல் கேள்வியில் ஏ வாங்கும் வகுப்பில் பாதிப் பேர் இரண்டாவதில் வெற்றுத்தாள் கொடுப்பார்கள் என்று தயங்காமல் சொல்லலாம்.

இதே வகையில் இன்னொன்று: சைன் 150° கண்டு, அதற்கு நேர்மாறு சைன் எடுத்தால் என்ன வரும்? 150° என்று எழுதுவது கை பழகிய விடை. சரியான விடை 30°. நேர்மாறு என்ற ஒன்று இருக்க வேண்டுமானால் சார்பின் சார்பகத்தைக் குறுக்க வேண்டும், ஏன் குறுக்க வேண்டும், எந்தத் துண்டை வைத்துக்கொள்வது நம் விருப்பம், எது விருப்பமல்ல என்பதையெல்லாம் பேச ஒரு முழு வகுப்பு தேவை. அவசரத்தில் இருக்கும் ஆசிரியர் பலகையில் ஒரு பெட்டி போட்டு "இந்த இடைவெளிக்குள்தான் விடை வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்" என்று நகர்ந்துவிடுவார். அதாவது வேகம் கூடும்போது முதலில் பலியாவது ஆழம்தான். வேகமாக ஓடும் வகுப்பு என்பதாலேயே அது ஆழமான வகுப்பு என்று பெற்றோர் எண்ணிக்கொள்வதில் இருக்கிற சிக்கல் இதுதான்.

நியூ ஹாம்ப்ஷயரில் 1781இல் தொடங்கிய ஃபிலிப்ஸ் எக்சிட்டர் அகாடமி இதற்கு நேர் எதிரான வழியில் போகிறது. தனியார் விடுதிப் பள்ளி, நுழைவது கடினம், கட்டணம் இன்னும் கடினம். 1930இல் எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தர் கொடுத்த நன்கொடையால் அங்கே வகுப்பறை முறையே மாறியது: ஒரு நீள்வட்ட மேசை, சுற்றிலும் சுமார் பன்னிரண்டு மாணவர்கள், அவர்களோடு ஓர் ஆசிரியர். கணிதத் துறை பாடநூல் வைத்துக்கொள்வதில்லை. ஆசிரியர்களே எழுதிய கணக்குத் தொகுப்புகள்தான் பாடம். அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அத்தியாயத் தலைப்பு கிடையாது, தீர்த்துக் காட்டிய மாதிரிக் கணக்கு கிடையாது. முந்தின இரவு பிள்ளைகள் சில கணக்குகளைப் போட்டு வருகிறார்கள், மறுநாள் பலகையில் எழுதி ஒருவருக்கொருவர் விளக்குகிறார்கள். ரேடியன் என்ற கருத்து ஒரு கணக்கில் எட்டிப் பார்க்கும், இருபது பக்கம் தள்ளி இன்னொரு வேஷத்தில் வரும், அதற்கும் அப்பால்தான் அதற்குப் பெயரே வைப்பார்கள். ஒரு நாளைக்கு முடியும் கணக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் மெதுவாகத்தான் தோன்றும். ஆனால் ‘இந்த அத்தியாயத்தில் இந்த முறை’ என்ற ஊன்றுகோல் இல்லாததால், க-வின் மதிப்பு கேட்கும் அந்த இரண்டாவது வகைக் கேள்வி அங்கே தினசரிச் சாப்பாடு.

இதை 30 பேர் உட்காரும் அரசுப் பள்ளி வகுப்பில் அப்படியே செய்ய முடியாது. ஆனால் அரசு நடத்தும் பள்ளிகளிலேயே மாற்று முயற்சிகள் உண்டு. டர்ஹாமில் 1980இல் திறந்த வட கரோலினா அறிவியல் கணிதப் பள்ளியின் ஆசிரியர்கள் தங்களுக்கென்று ஒரு பிரீகால்குலஸ் பாடநூலையே எழுதினார்கள்; உண்மையான தரவை எடுத்து அதற்குப் பொருந்தும் சார்பைத் தேடுவதில் இருந்து அது தொடங்கும். இல்லினாய் மாநிலத்தின் அரோராவில் உள்ள கணித அறிவியல் அகாடமி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ் என்ற பெயர்களையே தூக்கிவிட்டு நான்கு படிகள் கொண்ட ஒரே தொடராக்கியது. மாணவர் எந்தப் படியில் தொடங்குவது என்பதை நிலைத்தேர்வு முடிவு செய்யும். இரண்டும் விடுதிப் பள்ளிகள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாலை எட்டு மணிக்கும் ஆசிரியரிடமோ சக மாணவரிடமோ போய் உட்கார முடிகிற இடத்தில் செய்யக்கூடியது எல்லாவற்றையும், மூன்று மணிக்குப் பேருந்து ஏறும் பிள்ளைகளிடம் செய்ய முடியாது.

தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பகல்நேரப் பள்ளியில் வேகத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? ஆசிரியர் என்று சொல்லலாம், பாடத்துறை என்று சொல்லலாம். என் கணிப்பில், அதே பாடத்தைக் கோடையில் ஏற்கெனவே ஒரு தடவை படித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர் தீர்மானிக்கிறார்கள். ஆசிரியர் கேள்வி கேட்டதும் அந்தக் கைகள் எழும். பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று வகுப்பு நகரும். முதன்முறையாக அதைக் கேட்கும் பிள்ளை, தனக்குத்தான் மூளை மந்தம் என்று முடிவு கட்டிக்கொள்கிறது. நடுநிலைப் பள்ளியில் எப்போதும் முதலிடத்தில் இருந்த பிள்ளைக்கு இந்த முடிவு மிக எளிதில் வந்துவிடும். மறுநாள் பெற்றோரும் டியூஷன் தேடுவார்கள், அடுத்த கோடையில் இந்தப் பிள்ளையும் முன்கூட்டியே படிக்கும், அடுத்த வருட வகுப்பு இன்னும் வேகமாகும். நம்மவர்கள் அதிகம் வாழும் புறநகர்களில் இந்தச் சுழற்சிக்கு நாமும் நன்றாகவே எண்ணெய் விடுகிறோம்.

வேகத்தை மேலிருந்து ஆணையிட்டுக் குறைக்க முயன்ற ஊரும் ஒன்று உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ 2014இல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா 1ஐ எடுத்துவிட்டு, எல்லோரும் ஒன்பதில்தான் அதைப் படிக்க வேண்டும் என்றது. பிள்ளைகளை இளம் வயதிலேயே தரம் பிரிக்கக் கூடாது என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் பன்னிரண்டில் கால்குலஸ் வேண்டும் என்ற ஆசை ஊரில் குறையவில்லை. அதனால் அல்ஜீப்ரா 2ஐயும் பிரீகால்குலஸையும் ஒரே வருடத்தில் திணித்த ஒரு சுருக்குப் பாடம் வந்தது. 1856இல் தொடங்கிய லோவெல் போன்ற போட்டிப் பள்ளி இருக்கும் ஊரில், எட்டாம் வகுப்பிலிருந்து எடுத்த அவசரம் பதினொன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். வசதி இருந்தவர்கள் வெளியே பணம் கட்டி அல்ஜீப்ரா படித்தார்கள். 2024இல் பள்ளி வாரியமே எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவைத் திரும்பக் கொண்டுவர வாக்களித்தது. அதே ஆண்டு மார்ச்சில் நகர மக்களும் பெரும்பான்மையாக அதையே கேட்டு வாக்களித்தார்கள்.

டிஜேயின் விவாதம் வேறு திசையிலிருந்து வந்தது. 2020இன் இறுதியில் நுழைவுத் தேர்வை நீக்கி, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பிலும் 1.5 சதவீதத்துக்கு நிகரான இடங்களை ஒதுக்கும் முறையை ஃபேர்ஃபாக்ஸ் கொண்டுவந்தது. முதல் ஆண்டிலேயே சேர்ந்தவர்களில் ஆசிய அமெரிக்கர்களின் பங்கு 73இலிருந்து 54 சதவீதமாகக் குறைந்தது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. நியாயம் யார் பக்கம் என்பதற்குள் நான் போகவில்லை. கணித வகுப்பைப் பொறுத்தவரை கேள்வி எளிது: அல்ஜீப்ரா 1 மட்டும் முடித்தவரும் அல்ஜீப்ரா 2 வரை முடித்தவரும் ஒரே கட்டடத்துக்குள் வரும்போது, முதலாமவருக்குப் பள்ளி எத்தனை மாதம் கொடுக்கப்போகிறது? சேர்க்கையைப் பற்றி இரு தரப்பும் செலவழித்த மூச்சில் பத்தில் ஒரு பங்கு கூட இதற்குச் செலவாகவில்லை என்பது என் வருத்தம்.

இதற்கிடையே கல்லூரி வாரியம் 2023இல் ஏ.பி. பிரீகால்குலஸ் என்ற பாடத்தைத் தொடங்கியது. 2024 மே மாதம் முதல் தேர்வு. மூன்று மணி நேரம், 40 கொள்குறி வினாக்கள், 4 விரிவான வினாக்கள். எழுதியவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஐந்துக்கு 3 அல்லது அதற்கு மேல் வாங்கினார்கள். பாடத்திட்டத்தில் நான்கு அலகுகள். நான்காவதான துணையலகுச் (பாராமெட்ரிக்) சார்புகள், கூம்பு வெட்டிகள், வெக்டர்கள், அணிகள் ஆகியவை தேர்வில் கிடையாது. தேர்வில் வராததை மே மாதத்துக்கு முன் எத்தனை ஆசிரியர் நடத்துவார்கள்? ஆனால் பிசி கால்குலஸுக்குப் போனதும் துணையலகு வளைவுகளும் வெக்டரும் முன்னால் வந்து நிற்கும். கணிதத் தொகுத்தறிதல் மூலம் நிறுவுவது இதில் இல்லவே இல்லை. ஆகவே ஏ.பி. என்ற முத்திரை ஒட்டியதால் மட்டும் பாடம் கனமாகிவிடவில்லை. நல்ல பள்ளி ஒன்றின் பழைய ஹானர்ஸ் (சாதாரணப் பிரிவைவிடக் கடினமான பிரிவு) பிரீகால்குலஸ் இதைவிடக் கடினமாகவே இருக்கும். இருந்தாலும் ஃபேர்ஃபாக்ஸ் போன்ற மாவட்டங்களில் மதிப்பெண்களின் சராசரிப் புள்ளிக்கு (ஜி.பி.ஏ.) ஹானர்ஸ் அரைப் புள்ளிதான் கூட்டும், ஏ.பி. ஒரு முழுப் புள்ளி கூட்டும். பிள்ளைகள் எதைத் தேர்வு செய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரிகள் தரப்பு என்ன? கல்லூரிக் கணிதத்துக்கான எம்.ஏ.ஏ. சங்கமும் கணித ஆசிரியர் தேசியக் கவுன்சிலும் 2012இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, பன்னிரண்டுக்குள் கால்குலஸை முடிக்க வைப்பது பள்ளிக் கணிதத்தின் இறுதி இலக்காக இருக்கக் கூடாது என்றது. அதற்கு அடித்தளமான கணிதத்தில் தேர்ச்சியே முக்கியம் என்றது. கல்லூரி முதல் பருவக் கால்குலஸ் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் பள்ளியிலேயே ஒருமுறை கால்குலஸ் படித்தவர்கள் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கலிஃபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகம் 2023இல், கால்குலஸ் சொல்லித்தராத பள்ளியிலிருந்து வருபவர்கள் வேறு வழியில் தங்கள் தேர்ச்சியைக் காட்டலாம் என்று விதியைத் தளர்த்தியது. ஆனால் அங்கே போனபின் கணிதத்தின் பாரம் அப்படியேதான் இருக்கிறது. சேர்க்கை அலுவலகம் பாடப் பட்டியலைப் பார்க்கிறது, கணிதத் துறை கையின் பழக்கத்தைப் பார்க்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட பதினாறு வயதுப் பிள்ளை இரண்டுக்கும் சேர்த்து ஓடுகிறது.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. பிரீகால்குலஸை முன்கூட்டியே படிக்க வைக்கும் கோடைப் பயிற்சியைவிட, அல்ஜீப்ரா 2இன் பின்னக் கோவைகளையும் அடுக்குகளையும் மடக்கைகளையும் கால்குலேட்டர் இல்லாமல், தயங்காமல் செய்யும் வரை பழகுவது மேல். அலுப்பான வேலை, வாட்ஸ்அப்பில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் முடியாது. முதல் தேர்வில் 68 வந்தால் தவறுகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம்: குறி, பின்னம், அடுக்கு என்று சறுக்கியவை ஒரு பக்கம், கேள்வியே புரியாதவை இன்னொரு பக்கம். முதல் வகைக்கு வேண்டியது பயிற்சி. இரண்டாவது வகைக்கு டியூஷன் சென்டரின் இன்னொரு கட்டு வினாத்தாள் உதவாது. ஆசிரியர் மதிய இடைவேளையில் உட்காரும் நேரத்துக்குப் போய், "நான் இங்கே வரைக்கும் வந்தேன், இதற்கு மேல் எப்படி யோசிப்பது" என்று கேட்கிற பழக்கம்தான் உதவும். வகுப்பே பொருந்தவில்லை என்றால் ஹானர்ஸிலிருந்து சாதாரணப் பிரிவுக்கு மாறலாம், மதிப்பெண் பட்டியலில் வடு இல்லாமலும் மாறலாம். அதற்குப் பள்ளிகளில் ஒரு கடைசித் தேதி இருக்கும். முதல் பெரிய தேர்வின் விடைத்தாள் கைக்கு வருவதற்குள் அந்தத் தேதி தாண்டிவிடுவதும் உண்டு என்பதால், பள்ளி திறக்கும் வாரத்திலேயே பள்ளி ஆலோசகரான கவுன்சிலரிடம் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.